வடதுருவத்தில் ஓர் அமானிதம்

நீலகிரியின் தென்மேற்குப் பகுதியிலுள்ள மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் மலைப்பாதையில் செல்வோர், தேயிலைத் தோட்டங்களையும் காடுகளையும் கடந்து வருகையில், மலைச்சரிவில் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் பெரும் இரும்புக் குழாய்களைக் காண்பர். அவை குந்தா நீர்மின் திட்டத்தைச் சார்ந்தவை. 1950களில், கொழும்புத் திட்டம் எனப்பட்ட பன்னாட்டு உதவி ஏற்பாட்டின்கீழ், கனடா நாடு அளித்த நிதியும் இயந்திரங்களும் துணைநிற்க இத்திட்டம் எழுந்தது. கனடாவின் வட எல்லையோ வடதுருவப் பெருங்கடலைத் தொடுவது. பனி சூழ்ந்த அத்தேசம் ஒரு காலத்தில் கொடுத்த வாக்கு, கொடுத்தவரும் பெற்றவரும் மறைந்த பின்னரும், நம் மலைக்குள் சுழலிகளாய்ச் சுழன்றுகொண்டிருக்கிறது.

வடதுருவம் என்றதும் பனிக்கரடியும் ஆறு மாத இரவுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இன்று அப்பகுதி உலக அரசியலின் முக்கியக் களங்களுள் ஒன்று. அங்கே நாடுகள் எவ்வாறு ஒத்துழைத்தன, அவ்வொத்துழைப்பு இன்று ஏன் தளர்ந்துள்ளது, அதில் இந்தியாவின் பங்கு யாது, அதைப் பற்றி நாம் ஏன் கவலைகொள்ள வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாக்தாதிலிருந்து வடக்கே ஒரு தூது

வடதிசையோடு முஸ்லிம் உலகுக்கு இருந்த தொடர்பு பழைமையானது. ஹிஜ்ரி 309ஆம் ஆண்டு ஸஃபர் மாதம் (கி.பி. 921) அப்பாஸியக் கலீஃபா அல்முக்ததிர் அனுப்பிய தூதுக்குழு ஒன்று பாக்தாதிலிருந்து புறப்பட்டது. இன்றைய ரஷ்யாவில் வோல்கா நதிக்கரையில் வாழ்ந்த புல்கார் மக்களின் மன்னர் அல்மிஷ், மார்க்கம் கற்பிக்க ஆசிரியர்களையும், பள்ளிவாசலும் மிம்பரும் அமைக்க உதவியையும், எதிரிகளிடமிருந்து தம்மைக் காக்கக் கோட்டை கட்டப் பொருளையும் கேட்டிருந்தார். அக்குழுவில் சென்ற அஹ்மத் இப்னு ஃபள்லான் தாம் கண்டவற்றை எழுதிவைத்தார். அவருடைய பயண நூலின் விரிவான கையெழுத்துப் படி 1923இல் மஷ்ஹத் நகரில் கண்டெடுக்கப்பட்டது.

அந்நூலில் இரண்டு செய்திகள் நம் பொருளுக்கு மிகவும் நெருக்கமானவை. முதலாவது, கோட்டைக்குரிய பணம் பற்றியது. 4,000 தீனார்களை வழியில் ஒரு நிலத்தின் வருவாயிலிருந்து பெற்றுச் செல்லும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அப்பணம் கைக்கு வரவில்லை; தூதுக்குழு வெறுங்கையோடு போய்ச் சேர்ந்தது. கலீஃபாவின் கடிதத்தில் அத்தொகை குறிக்கப்பட்டிருந்தமையால் மன்னர் அதைக் கேட்டார், கடிந்துகொண்டார். பரிசுகளும் வாழ்த்துரைகளும் அந்தக் குறையை ஈடுசெய்யவில்லை. தமக்கு நேர்ந்த இந்த அவமானத்தை இப்னு ஃபள்லான் மறைக்காமல் எழுதியிருப்பது போற்றத்தக்கது. நிறைவேற்றப்படாத வாக்கு தூதரின் நாவையே கட்டிவிடுகிறது என்னும் அரசியல் பாடம் அதில் அடங்கியுள்ளது.

இரண்டாவது, தொழுகை நேரம் பற்றியது. கோடையில் அங்கே இரவு மிகவும் குறுகியிருந்தது. இஷா தொழுகைக்கான பாங்கை எதிர்பார்த்துச் சிறிது நேரம் உரையாடிக்கொண்டிருந்தவர்கள் பாங்கொலி கேட்டு வெளியே வந்தபோது விடியல் வந்துவிட்டிருந்தது. ஸுப்ஹு தவறிவிடுமோ என்ற அச்சத்தில் தாம் ஒரு மாதமாக இரவில் உறங்கவில்லை என முஅத்தின் கூறினாராம்.

ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் தொழுகை நேரங்கள் பற்றிய பாடத்தில் ‘புல்கார்’ என்னும் ஊர்ப்பெயர் வருவதை நம் அரபிக் கல்லூரி மாணவர்கள் அறிவர். இஷாவின் நேரமே வராத ஊரில் இஷா கடமையா என்னும் வினாவில் அறிஞர்கள் கருத்து வேறுபட்டனர். கடமையே என்று இமாம் கமாலுத்தீன் இப்னுல் ஹுமாம் (ரஹ்) நிறுவினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கஸான் நகரத்து அறிஞர் ஷிஹாபுத்தீன் அல்மர்ஜானி இதற்கெனவே தனி நூல் இயற்றினார். தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஓராண்டைப் போல் நீளும்போது தொழுகை நேரங்களைக் கணித்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸ் இதற்கு அடிப்படையாயிற்று. இன்று ரஷ்யாவின் நோரில்ஸ்க் நகரில் 1998இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலும், கனடாவின் இனுவிக் ஊரில் 2010இல் அமைந்த பள்ளிவாசலும் துருவ வட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. இனுவிக் பள்ளிவாசலை வின்னிபெக் நகரில் கட்டி, சரக்கு வண்டியிலும் படகிலும் 4,000 கிலோமீட்டருக்குமேல் கொண்டுசென்றனர். ஆக, வடதுருவம் நம் சமுதாயத்துக்கு அந்நியமான பகுதியன்று.

ஒரே ஆட்சி இல்லாத கடல்

தென்துருவம் கடலால் சூழப்பட்ட நிலம். வடதுருவமோ நிலங்களால் சூழப்பட்ட கடல். இவ்வேறுபாடு சட்டத்திலும் எதிரொலிக்கிறது. தென்துருவம் முழுமைக்கும் 1959இல் கையொப்பமான அண்டார்க்டிக் ஒப்பந்தம் உண்டு. இந்தியா அதில் 1983இல் இணைந்தது. வடதுருவத்துக்கு அத்தகைய ஒற்றை ஒப்பந்தம் கிடையாது. ரஷ்யா, கனடா, அமெரிக்கா, நார்வே, கிரீன்லாந்தை உள்ளடக்கிய டென்மார்க், ஐஸ்லாந்து, சுவீடன், ஃபின்லாந்து என எட்டு நாடுகளின் நிலப்பகுதிகள் துருவ வட்டத்தைச் சார்ந்துள்ளன. கடலைப் பொறுத்தவரை பொதுவான கடற்சட்டமே அங்கும் வழிகாட்டி.

எனவே அங்கே அமைதி பல சிறு உடன்படிக்கைகளால் நெய்யப்பட்டது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணு ஆயுதங்களோடு எதிரெதிரே நின்ற காலத்திலேயே, 1973இல், பனிக்கரடிகளைக் காக்கும் உடன்படிக்கையில் அவ்விரு நாடுகளும் கனடா, டென்மார்க், நார்வே ஆகியவற்றோடு கையொப்பமிட்டன. 1987 அக்டோபரில் மூர்மன்ஸ்க் நகரில் உரையாற்றிய சோவியத் தலைவர் கோர்பச்சேவ், வடதுருவத்தை அமைதி வலயமாக்க அழைப்பு விடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1991இல் ஃபின்லாந்தின் ரோவனியெமியில் சுற்றுச்சூழல் காக்கும் கூட்டுத்திட்டமும், 1996 செப்டம்பர் 19 அன்று ஒட்டாவா பிரகடனத்தின் வாயிலாக ஆர்க்டிக் மன்றமும் உருவாயின.

அம்மன்றத்தின் அமைப்பில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை. முடிவுகள் யாவும் எட்டு நாடுகளின் ஒருமித்த இசைவோடுதான் எடுக்கப்படும். இராணுவப் பாதுகாப்பு தொடர்பான விவகாரங்கள் மன்றத்தில் பேசப்படா. மூன்றாவதாக, அப்பகுதித் தொல்குடிகளின் ஆறு அமைப்புகள் நிரந்தரப் பங்கேற்பாளர்களாக நாடுகளோடு ஒரே மேசையில் அமர்கின்றன. அவற்றை முழுமையாகக் கலந்தாலோசித்த பின்னரே முடிவு எட்டப்பட வேண்டும். நம் நீலகிரியிலும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு தொல்குடிகள் வாழ்கின்றனர். அவர்கள் வாழும் மலையைப் பற்றி எடுக்கப்படும் முடிவுகளில் அவர்களுக்கு அத்தகைய இருக்கை உண்டா என்பதை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மன்றத்தின் வழியே கடல் விபத்துகளில் தேடி மீட்பதற்கான உடன்படிக்கை 2011இலும், எண்ணெய்க் கசிவை எதிர்கொள்வதற்கான உடன்படிக்கை 2013இலும், அறிவியல் ஒத்துழைப்புக்கான உடன்படிக்கை 2017இலும் உருவாயின. மன்றத்துக்கு வெளியிலும் நற்பலன்கள் விளைந்தன. நாற்பதாண்டுத் தகராறுக்குப் பின் 2010இல் ரஷ்யாவும் நார்வேயும் பேரண்ட்ஸ் கடலில் தம் எல்லையை வரைந்துகொண்டன. கனடாவும் டென்மார்க்கும் ஹான்ஸ் தீவு என்னும் ஒரு சிறு பாறைத்தீவுக்காகப் பல்லாண்டுகள் வழக்காடின. ஒரு நாட்டினர் வந்து கொடி நட்டு மதுப்புட்டி வைத்துச் செல்வதும், மற்றவர் வந்து அதை அகற்றித் தம் கொடியையும் புட்டியையும் வைப்பதுமே அவ்வழக்கில் நடந்த ‘போர்’. 2022 ஜூன் மாதம் அத்தீவை இருவரும் பங்கிட்டுக்கொண்டனர். புட்டியில் இருந்த பொருள் நமக்கு ஒவ்வாததாயினும், ஒரு துளி இரத்தமும் சிந்தாத அந்த முடிவு வரவேற்கத்தக்கதே.

நம் பெயரால் இடப்பட்ட கையொப்பம்

வடதுருவத்தில் இந்தியாவுக்கு என்ன வேலை எனச் சிலர் வினவுவர். இதற்கான விடை 1920 பிப்ரவரி 9ஆம் நாளில் உள்ளது. அன்று பாரிஸ் நகரில் ஸ்வால்பார்ட் ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. நார்வேக்கு வடக்கே உள்ள அத்தீவுக்கூட்டத்தின் முழு ஆட்சியுரிமையை நார்வேக்கு வழங்கிய அவ்வொப்பந்தம், உறுப்பு நாடுகள் அனைத்தின் குடிமக்களும் அங்கே சென்று தொழில் செய்யச் சம உரிமை அளித்தது; தீவுகளைப் போர் நோக்கங்களுக்குப் பயன்படுத்தலாகாது எனவும் விதித்தது. ஆட்சி ஒருவருக்கு, பயன் பலருக்கு என்னும் இவ்வமைப்பு உலகில் அரிதானது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பெயராலும் அதில் கையொப்பமிடப்பட்டது. அடிமை நாடாய் இருந்தபோது நம் இசைவைக் கேளாமல் இடப்பட்ட கையொப்பம்தான். எனினும் அதன் பயன் விடுதலை பெற்ற இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. எகிப்தும் ஆப்கானிஸ்தானும் 1925இலேயே அவ்வொப்பந்தத்தில் இணைந்தன என்பதும் குறிப்பிடத்தக்கது.

2007இல் இந்திய அறிவியலாளர்களின் முதல் குழு ஸ்வால்பார்டுக்குச் சென்றது. 2008 ஜூலையில் அங்குள்ள நீ ஓலசுண்ட் குடியிருப்பில் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. அது வடமுனையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கமாய் இருந்து, 1962இல் நேர்ந்த பெரும் விபத்துக்குப் பின் சுரங்கத் தொழில் கைவிடப்பட்ட ஊர் அது. இன்று பல நாடுகளின் ஆய்வாளர்கள் அருகருகே வாழும் அறிவுக் குடியிருப்பு. 2013 மே மாதம் சுவீடனின் கிருனா நகரில் கூடிய ஆர்க்டிக் மன்றம் இந்தியாவைப் பார்வையாளர் நாடாக ஏற்றது. 2022 மார்ச்சில் இந்தியா தனக்கென ஆர்க்டிக் கொள்கையை வெளியிட்டது. 2023 டிசம்பரில், துருவ இரவின் இருளில், ஹிமாத்ரியில் முதல் குளிர்காலப் பணி தொடங்கியது.

இதில் தமிழகத்துக்கும் பங்குண்டு. 2014 ஜூலையில், நீ ஓலசுண்டை ஒட்டிய காங்ஸ் கடற்கழியில் ‘இண்டார்க்’ என்னும் கருவித் தொகுதி ஏறத்தாழ 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்டது. நீரின் வெப்பம், உவர்ப்பு, ஓட்டம் ஆகியவற்றைப் பல ஆழங்களில் அது பதிவு செய்தது. அதை உருவாக்கியதில் முதன்மைப் பங்கு சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு உரியது. அதைக் கடலில் இறக்கியதோ நார்வே நாட்டு ஆய்வுக் கப்பல். கருவி ஒருவருடையது, கப்பல் மற்றொருவருடையது, கடல் மூன்றாமவரைப் போன்றது. இதுவே ஒத்துழைப்பின் இலக்கணம்.

அங்கே வெப்பம் அளப்பதால் நமக்கு என்ன பயன்? 1979 முதல் வடதுருவப் பகுதி உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்துள்ளது என 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணித்தது. 2012 செப்டம்பரில் கடற்பனிப் பரப்பு சுமார் 34 இலட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. செயற்கைக்கோள் பதிவுகளில் அதுவே மிகக் குறைந்த அளவு. ரஷ்யக் கரையோரத்து காரா கடலில் கோடைப் பனி குறைவதற்கும், மத்திய இந்தியாவில் செப்டம்பர் மாதப் பெருமழைகளுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பதைக் கோவாவிலுள்ள தேசிய துருவ ஆய்வு மையத்தின் அறிவியலாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு சுட்டியது.

2019 ஆகஸ்டு முற்பகுதியில் மஞ்சூருக்கு அப்பாலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதை நீலகிரி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மழை வடதுருவத்தால் வந்தது எனச் சொல்வது மிகையாகும், அதற்குச் சான்றில்லை. ஆனால் பருவமழையின் போக்கை முன்னறிய விரும்பும் எவரும் இனி வடக்கே நோக்காமல் இருக்க இயலாது. ‘அங்கே’ என்று நாம் சொல்லும் இடம் நம் வயலுக்கும் அணைக்கும் மேலே உள்ள வானத்தோடு இணைந்திருக்கிறது.

ஹலப் நகரின் விதைகள்

ஸ்வால்பார்டில் 2008 பிப்ரவரியில் உலக விதைப் பெட்டகம் திறக்கப்பட்டது. மலையின் உள்ளே நூறு மீட்டருக்கும் அப்பால், பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை குளிரில், உலகெங்கிலுமிருந்து வந்த பயிர் விதைகள் காக்கப்படுகின்றன. ஹைதராபாத் அருகே இயங்கும் பன்னாட்டு ஆய்வு நிறுவனமான இக்ரிசாட், சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை முதலிய பயிர்களின் விதைகளை அங்கே ஒப்படைத்துள்ளது.

இப்பெட்டகத்தின் விதிமுறை நம் ஃபிக்ஹு மாணவர்களுக்குப் புதிதாய்த் தோன்றாது. கட்டடம் நார்வேக்குச் சொந்தம். ஆனால் விதைகள் ஒப்படைத்தவருக்கே சொந்தம். அவர் அனுமதியின்றிப் பெட்டியை எவரும் திறக்கலாகாது. அவர் கேட்கும்போது திருப்பித் தர வேண்டும். இது நம் நூல்கள் ‘வதீஅத்’ எனக் கூறும் அடைக்கலப் பொருளின் சட்டமேயன்றி வேறன்று.

அந்த அமானிதம் சோதனைக்குள்ளான நாளும் வந்தது. சிரியாவில் ஹலப் நகருக்கு அருகே தல் ஹத்யா என்னும் ஊரில், வறண்ட நில வேளாண்மைக்கான பன்னாட்டு ஆய்வு மையமான இகார்டாவின் விதை வங்கி இருந்தது. கோதுமை, வாற்கோதுமை, பருப்பு வகைகள் எனப் பல்லாயிரம் ஆண்டுகளாக அம்மண்ணின் உழவர்கள் பேணிவந்த வகைகளின் கருவூலம் அது. உள்நாட்டுப் போரால் அங்கே பணி தொடர இயலாமற்போயிற்று. ஆனால் அவ்விதைகளின் மறுபடிகளை அம்மையம் முன்னரே ஸ்வால்பார்டுக்கு அனுப்பியிருந்தது. 2015இல் அது தன் அமானிதத்தைக் கேட்டது. ஏறத்தாழ 38,000 விதை மாதிரிகள் திரும்பி வந்தன. பெட்டகத்தின் வரலாற்றில் அதுவே முதல் மீட்பு. லெபனானிலும் மொராக்கோவிலும் அவற்றை விதைத்துப் பெருக்கி, 2017 முதல் புதிய விதைகளை மீண்டும் ஸ்வால்பார்டில் ஒப்படைத்தனர். முஸ்லிம் உழவர்களின் பயிர்ச் செல்வம் அவர்தம் மண்ணில் அழிவை எதிர்நோக்கியபோது, வடக்கே பனிமலைக்குள் முஸ்லிமல்லாதாரின் காவலில் பத்திரமாய் இருந்தது. இது நமக்கு ஆறுதலும் அளிக்கிறது, வெட்கமும் தருகிறது.

உறைந்துபோன மன்றம்

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. அப்போது ஆர்க்டிக் மன்றத்தின் தலைமை ரஷ்யாவிடமே இருந்தது. மார்ச் 3 அன்று ஏனைய ஏழு நாடுகளும் மன்றப் பணிகளில் பங்கேற்பதை நிறுத்திவைத்தன. 2023 மே மாதம் தலைமை நார்வேக்குக் கைமாறியது. 2024இல் பணிக்குழுக்கள் இணையவழிக் கூட்டங்களைத் தொடங்கின. இதற்கிடையே ஃபின்லாந்தும் சுவீடனும் நேட்டோவில் இணைந்தமையால், எட்டு நாடுகளுள் ஏழு ஓர் இராணுவக் கூட்டணியில், எஞ்சிய ஒன்று அதற்கு எதிரே என்னும் நிலை உருவாயிற்று. கிரீன்லாந்து தமக்கு வேண்டும் என அமெரிக்க அதிபர் டிரம்ப் 2019இலும் மீண்டும் 2025இலும் கூறியமை, ஒரே கூட்டணிக்குள்ளும் நம்பிக்கையைக் குலைத்தது.

இழப்பு அரசியலோடு நிற்கவில்லை. துருவக் கடலின் கரையில் ஏறத்தாழ பாதி ரஷ்யாவுக்கு உரியது. அந்நாட்டு ஆய்வு நிலையங்களின் தகவல்களைத் தவிர்த்துக் கணித்தால் துருவ மாற்றங்களைப் பற்றிய நம் அறிவே கோணலாகிவிடும் என 2024இல் வெளிவந்த ஆய்வு எச்சரித்தது. நம் பருவமழையோடு தொடர்புபடுத்தப்படும் காரா கடலும் ரஷ்யாவின் கரையிலேயே உள்ளது என்பதை இங்கு நினைவுகூர்க.

ஆயினும் எல்லாம் முறிந்துவிடவில்லை. நார்வேயும் ரஷ்யாவும் பேரண்ட்ஸ் கடலில் பிடிக்கத்தக்க மீனின் அளவை 2022க்குப் பின்னரும் ஆண்டுதோறும் கூடி முடிவு செய்துவருகின்றன. மத்திய ஆர்க்டிக் பெருங்கடலில் வணிக மீன்பிடிப்பைத் தவிர்க்கும் உடன்படிக்கை 2018இல் கையொப்பமாகி 2021இல் நடைமுறைக்கு வந்தது. ரஷ்யா, அமெரிக்கா, சீனா, ஐரோப்பிய ஒன்றியம் அனைத்தும் அதில் உள்ளன. மீன்பிடிப்பு தொடங்குவதற்கு முன்னரே அதைத் தடுக்க நாடுகள் உடன்பட்டது அரிய செயலாகும். 2025 மே மாதம் டென்மார்க் தலைமையேற்றபோது, ரஷ்யா உட்பட எட்டு நாடுகளும் ஒரு கூட்டறிக்கைக்கு இசைந்தன.

இவை ஏன் தப்பின? நட்பின் மீது கட்டப்பட்டவை நட்பு முறிந்ததும் சரிந்தன. வரையறுக்கப்பட்ட பணி, சரிபார்க்கக்கூடிய கடமை, இரு தரப்புக்கும் தேவை ஆகிய மூன்றின் மீது கட்டப்பட்டவை நிலைத்தன. பகைவரோடும் காக்கத்தக்கவாறு எழுதப்பட்ட உடன்படிக்கையே உடன்படிக்கை.

ஹில்ஃபுல் ஃபுளூல் காட்டும் வழி

இவ்வுண்மை இஸ்லாமிய மரபுக்குப் புதிதன்று. ஹுதைபிய்யாவில் நபி (ஸல்) அவர்கள் உடன்பட்ட நிபந்தனைகள் தோழர்கள் பலருக்குக் கசந்தன. விலங்கோடு ஓடிவந்த அபூ ஜந்தல் (ரலி) அவர்களைத் திருப்பி அனுப்ப நேர்ந்தபோதும் வாக்கு மீறப்படவில்லை. நபித்துவத்துக்கு முன் மக்காவில், அநீதி இழைக்கப்பட்டவருக்குத் துணைநிற்பதற்காக ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ என்னும் கூட்டு உடன்படிக்கை செய்யப்பட்டது. அதில் தாம் பங்கேற்றதை நபி (ஸல்) அவர்கள் பின்னாளிலும் பெருமிதத்தோடு நினைவுகூர்ந்து, இஸ்லாத்திலும் அத்தகைய அழைப்பு வந்தால் ஏற்பதாகக் கூறியதை ஸீரா நூல்கள் பதிவு செய்கின்றன. பொது நன்மைக்கான உடன்படிக்கையில் உடன் நிற்பவரின் மார்க்கம் தடையாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இமாம் முஹம்மத் அஷ்ஷைபானி (ரஹ்) நாடுகளிடை உறவுகளுக்கான ‘ஸியர்’ கலையை வகுத்தபோது, உடன்படிக்கையைப் பேணுதலுக்கு அதில் உயரிய இடமளித்தார்கள்.

இத்தகைய மரபுடைய சமுதாயம் இன்று வடதுருவ விவகாரத்தில் எங்கே நிற்கிறது? ஆர்க்டிக் மன்றத்தின் 13 பார்வையாளர் நாடுகளுள் முஸ்லிம் பெரும்பான்மை நாடு ஒன்றுகூட இல்லை. இந்தியக் குடிமக்களாகிய நமக்கோ நம் நாட்டின் வழியாக ஓர் இருக்கை கிடைத்துள்ளது. ரஷ்யாவோடும் மேலை நாடுகளோடும் ஒருசேரப் பேசக்கூடிய நிலையில் இந்தியா உள்ளது. தகவல் ஓட்டம் அறுந்த இடத்தில் அறிவியலின் பெயரால் பாலமாக இருப்பதே அந்த இருக்கைக்குரிய தகுதியாகும்.

அதே வேளையில் ஓர் எச்சரிக்கையும் தேவை. சென்னைக்கும் விளாடிவோஸ்டோக்குக்கும் இடையே கடல்வழித் தடம் அமைக்க 2019இல் இந்தியாவும் ரஷ்யாவும் உடன்பட்டன. பனி உருகி வடகடல் பாதை திறக்குமாயின், அத்தடம் துருவக் கடல் வரை நீளும் என்னும் எதிர்பார்ப்பு உண்டு. வணிகம் ஹலாலே. ஆயினும் பனி உருகுவதால் வரும் ஆதாயத்தை எண்ணுவோர், அப்பனியைக் காக்கும் கடமையை மறந்துவிடக் கூடாது. பூமியில் மனிதனுக்கு வழங்கப்பட்ட கிலாஃபத், உரிமை மட்டுமன்று. கணக்குக் கேட்கப்படும் பொறுப்புமாகும். நம் இளைஞர்கள் மார்க்கக் கல்வியோடு கடலியல், வானிலையியல், பன்னாட்டுச் சட்டம் முதலிய துறைகளிலும் நுழைவது அப்பொறுப்பின் ஒரு பகுதி.

உறுதியாக நூற்ற நூலைத் தன் கையாலேயே பிரித்துப்போடும் பெண்ணின் உவமையை, உடன்படிக்கையை முறிப்போருக்குத் திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் எடுத்துக்காட்டுகிறது. வடதுருவத்தில் அரை நூற்றாண்டாக நூற்கப்பட்ட நூல் இன்று பல இடங்களில் பிரிந்து கிடக்கிறது. சில இழைகள் இன்னும் அறுபடவில்லை. அவ்விழைகளைப் பற்றிக்கொண்டு மீண்டும் நூற்பதே அறிவுடையோர் செயல். வோல்காக் கரையில் வெறுங்கையோடு நின்ற தூதரின் நிலை நம் நாட்டுக்கும் நம் சமுதாயத்துக்கும் நேராதிருக்கவும், ஏற்ற அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைப்போராய் நாம் வாழவும் வல்ல அல்லாஹ் நல்லருள் புரிவானாக!